டிராயிங் சார் வைத்த பொட்டு

செப்டம்பர் 28, ஞாயிறு

சிவகாசி அச்சகத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஒன்பது மாதம் அரிசி டப்பா மேல் சும்மா கிடந்தது. நேற்று டாக்டர் என் பிரஷரைப் பார்த்துவிட்டு, வீட்டம்மா மேலே போயிருக்கிற நேரத்தில் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் எதையாவது எழுதுங்கள் என்றார். என் வீட்டம்மா மேலே போவது என்றால் மொட்டைமாடிக்கு வடகம் காயப்போட அல்ல. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தில், மூவாயிரம் அடிக்கு.

செண்பகவல்லி ஊருக்கு வெளியே இருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர். நான் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். கோமதிநாயகம் என்கிற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது, ஊருக்கு நான் டிராயிங் சார். அவளுக்கு ஆகாயம், எனக்கு அடுப்படி. இதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. என் சாம்பார் அவள் சாம்பாரைவிட நன்றாக இருக்கும், அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. ஏறுவது என்ன, தொட்டதுகூட இல்லை. மின்விசிறி துடைக்க ஸ்டூலில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும்.

தினமும் கடைசித் தடவை தரையிறங்கியதும் அவள் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரே ஒரு மணி. அது அடித்த பிறகுதான் நான் அன்றைக்கு ஒழுங்காக மூச்சு விடுவேன்.

இன்று ஓடைக்கரைப்பட்டியில் அவள் சித்தி பேத்திக்குக் காதுகுத்து. பைக்கில் போனோம். பைக்கில் போகும்போது எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. பின்னால் உட்கார்ந்து வழியில் வருகிற நிலத்துக்கெல்லாம் அவள் மார்க் போடுவாள். இஞ்சின் நின்றால் இங்கே இறங்கலாமா, கூடாதா? "கரண்டு கம்பி, ஆகாது." "பருத்தி நிக்கு, ஆகாது." "இது ஆகும்." இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே கியர் மாற்றுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஓடைக்கரைப்பட்டிக் கண்மாய் வறண்டு கிடந்தது. ஆகும் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை படம் வரைய நான் போய் உட்காருகிற இடம் அது. கிழக்குப் பக்கம் முழுக்க வண்டல் அள்ளிய குழி, மேலே புல் மூடித் தெரியாது. மேற்கே கரையை ஒட்டி மட்டும்தான் பலகை மாதிரி கிடக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடி ஆடித் தேய்த்த இடம். இதைச் சொன்னதும், "குறிச்சிக்கிட்டேன் சார்" என்று என் இடுப்பில் கிள்ளினாள். வண்டி ஆடிவிட்டது.

செப்டம்பர் 30, செவ்வாய்

வீடு கழுவினேன். அலமாரி துடைத்தேன். கத்தி, அரிவாள்மணை, தூரிகை எல்லாம் கழுவிக் காய வைத்தேன்.

புது நல்லெண்ணெய் டின் உடைத்தாயிற்று. ஆணியால் இந்த மூலையில் ஒரு ஓட்டை, எதிர் மூலையில் ஒரு ஓட்டை. செண்பகம் அவசரத்தில் ஒரே ஓட்டை போட்டுவிட்டு, எண்ணெய் வரமாட்டேங்குது என்று டின்னைக் குலுக்குகிற ஆள். காற்று உள்ளே போனால்தானே எண்ணெய் வெளியே வரும் என்று போன மாதம்கூட நான்தான் பாடம் நடத்தினேன். விமானம் ஓட்டி என்ன பிரயோசனம்?

நாளைக்கு ஆயுத பூஜை. பயிற்சிப் பள்ளிக்குக் குடும்பத்தோடு கூப்பிடுவார்கள். எப்போதும் நான் தள்ளி நின்று பொரியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். போன வருஷம் அவர்கள் விமானத்துக்கு வைத்த சந்தனம் மறுநாளே காய்ந்து உதிர்ந்துவிட்டதாம். வேலை தெரியாதவர்கள். இந்த வருஷம் சந்தனம் நான் குழைத்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மைதா பசை ஒரு கரண்டி காய்ச்சிச் சேர்த்தேன், பள்ளிக்கூடத்தில் சார்ட் ஒட்டுகிற அதே பதம். மழையே பெய்தாலும் அசையாது.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

தொட்டேன். பதினாறு வருஷம் கழித்து இன்றைக்குத் தொட்டேன்.

கையை வைத்தால் வெயிலில் சுட்டது, அவ்வளவுதான். அந்தச் சின்ன விமானத்துக்குச் சிட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இறக்கை என் இடுப்பு உயரம்கூட இல்லை. இதற்குப் போயா இத்தனை வருஷம் பயந்தேன்? மூக்கில் பெரிய பொட்டு, கதவில், வாலில், சக்கரங்களில். கண்ணாடியில மட்டும் வைக்காதீங்க சார் என்று இக்னேஷியஸ் சொல்லிவிட்டுப் போனார். அவர்தான் விமானங்களைப் பழுது பார்க்கிற இஞ்சினியர், தூத்துக்குடிக்காரர், ஆயுத பூஜைக்கு முதல் ஆளாகப் பூசணிக்காய் வாங்கி வருகிறவர்.

செண்பகம் அந்தப் பக்கம் மாணவிகளோடு பொரி கட்டிக்கொண்டிருந்தாள். அவள் தினமும் இதில்தான் போய் வருகிறாள் என்று நினைத்ததும் எனக்கு இன்னும் வைக்க வேண்டும் போல இருந்தது. இரண்டு இறக்கை மேலும் பெட்ரோல் ஊற்றுகிற மூடி ஒவ்வொன்று. மூடி நடுவில் பொடிசாக ஒரு புள்ளி, பொட்டுக்கென்றே இடம் விட்டது போல. ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு வைக்காமல் விட்டால் நன்றாகவா இருக்கும்? இரண்டுக்கும் வைத்தேன். கனமாக, கட்டை விரலால் அழுத்தி, மேலே குங்குமம். வட்டம் கொஞ்சமும் கோணவில்லை. நான் வைத்ததை யாரும் பார்க்கவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. புது மாணவர்களைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி இறக்கினார்களாம். பதினொன்றரைக்கு மணி அடித்தது. மிஞ்சிய சுண்டல் வடையாயிற்று.

அக்டோபர் 3, வெள்ளி

பொட்டு நின்றதா என்று கேட்டேன். மற்றதையெல்லாம் கழுவும்போது எடுத்துவிட்டார்களாம். "ரெண்டு மட்டும் நல்லா நிக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு மாதிரிச் சிரித்தாள். என் கைவேலை அப்படி.

அக்டோபர் 4, சனி

பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. ஒரு மணியோடு நிற்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு. நான் கரண்டியோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எடுத்ததும், "நான் நல்லா இருக்கேன், மொதல்ல அதக் கேட்டுக்கோங்க" என்றாள். "மேல இஞ்சின் நின்னுபோச்சு. ஓடைக்கரைப்பட்டிக் கண்மாய்ல எறக்கிட்டேன். ரிஸ்வானாவும் நல்லா இருக்கா. ஒரு கீறல் இல்ல."

"சாம்பார் இன்னும் கொதிக்கல" என்றேனாம் நான். எனக்கு ஞாபகம் இல்லை, அவள்தான் பிறகு சொன்னாள்.

அப்புறம், கொதித்ததும் எடுத்துக்கொண்டு வாருங்கள், இங்கே நிற்கிற ஆட்டுக்காரரையும் சேர்த்து நாலு பேருக்கு என்றாள்.

டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு பதினெட்டுக் கிலோமீட்டர் போனேன். வழியில் எந்த வயல், எந்தக் கம்பி என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. கண்மாயின் மேற்குக் கரையை ஒட்டிச் சிட்டு நின்றது, பையன்கள் ஊன்றிவைத்த ஸ்டம்புகளுக்கு இருபது அடி தள்ளி. ஊரே கரைமேல் நின்றது. இறக்கை நிழலில் செண்பகம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மாணவி ரிஸ்வானா, காயல்பட்டினத்துப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. என்னைப் பார்த்ததும் செண்பகம், "குழிய நான் மேல இருந்து பாக்கவே இல்ல தெரியுமா, நீங்க சொன்னது சரிதான்" என்றாள்.

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். தட்டில் சோறு போட்டுக் கொடுத்தேன். வாயில் வைக்காமல் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். தட்டை வாங்கி நானே பிசைந்து ஊட்டினேன். அந்தப் பிள்ளை நாகரிகமாகத் திரும்பி ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

நேற்று ரிஸ்வானா சொன்னதும், இன்று காலையில் காபி குடித்துக்கொண்டே இவள் சொன்னதும் சேர்த்து எழுதுகிறேன்.

கடலோரம் வரை போய்த் திரும்பும் பயிற்சி, ஒன்றரை மணி நேரம். இதுவரை இந்த வாரம் எல்லாம் பதினைந்து நிமிஷ, இருபது நிமிஷப் பறப்புதான். திரும்பி வரும்போது இஞ்சின் இரண்டு தடவை இருமியது. உடனே இவள் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். அடுத்த டேங்குக்கு மாற்றினாள். பிடித்தது. ஒரு நிமிஷத்தில் அதுவும் இருமி, நின்றே போய்விட்டது. முன்னால் விசிறி மட்டும் காற்றுக்குச் சும்மா சுற்றியது. காற்றுச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லையாம். இஞ்சின் இருமிய சத்தத்தைவிட அந்த அமைதிதான் பயமாக இருந்தது என்று ரிஸ்வானா சொன்னாள்.

இஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழும் என்றுதான் பதினாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். விழாதாம். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தை விடாமல் பிடித்தால் சறுக்கிக்கொண்டு வருமாம். மூவாயிரம் அடி உயரத்துக்கு நாலரை நிமிஷம் கிடைக்கும். பயத்தில் மூக்கைத் தூக்கினால்தான் ஆபத்து. பயந்தவன் கை தானாகத் தூக்கத்தான் பார்க்கும். இவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "தூக்காத, தூக்காத" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். கத்தவே இல்லையாம். பெட்ரோல் பம்ப்பைப் போட்டுப் பார்த்தாள், சாவியைத் திருப்பிப் பார்த்தாள். ரேடியோவில் இடத்தைச் சொன்னாள்.

பக்கத்திலேயே ரோடு இருந்தது. ரோட்டில் லாரி. அதைத் தாண்டி வயல்கள், எல்லாவற்றிலும் கம்பி. அப்புறம்தான் இடது பக்கம் கண்மாய் தெரிந்திருக்கிறது. அந்த நிமிஷம் என் பேச்சு ஞாபகம் வந்ததாம். ரிஸ்வானாவிடம், "நடுவுல பாக்காத. மேக்கு ஓரம் பாரு, வெள்ளையா தேஞ்ச எடம். எங்க வீட்டுக்காரர் சொன்ன எடம் அது" என்றாளாம். கரி சுடுகிற மூட்டத்துப் புகை கிழக்கே சாய்ந்திருந்ததால் காற்று மேற்கிலிருந்து என்று தெரிந்தது. ஆனால் மேற்கு ஓரம் வடக்கு தெற்காகக் கிடக்கிறது, பக்கக் காற்றில்தான் இறக்க வேண்டும். உயரம் கூடுதலாக இருந்தது. இஞ்சின் இல்லாமல் உயரம் குறைவாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, கூடுதலாக இருந்தால் குறைத்துக்கொள்ளலாம் என்று விமானத்தை ஒருக்களித்துச் சரிய விட்டு இறக்கினாள். கரைக்குப் பக்கத்தில் வந்தால், பிட்ச் நடுவில் ஆடு.

"எத்தன ஆடு?" என்று கேட்டேன்.

"எண்ணவா சொல்லுதீங்க?" என்றாள்.

ஆட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தாராம். சத்தமே இல்லாமல் ஒரு விமானம் கரைமேல் வருவதைப் பார்த்ததும் துண்டை வீசி ஆட்டை விரட்டிவிட்டு மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டாராம். கதவு சிக்கிக்கொள்ளக் கூடாது என்று கதவை முன்கூட்டியே திறந்து வைத்திருக்கிறாள். சக்கரம் பட்டது, குதித்தது, திரும்பப் பட்டது. ஸ்டம்புக்கு முன்னால் நின்றது.

இதையெல்லாம் வாழைக்காய் எப்படி வெட்டினேன் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இங்கே எழுத முடியவில்லை.

சாயங்காலம் இக்னேஷியஸ் வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். அவர் சொன்னது:

"மூடியத் தெறந்தேன் மேடம். ஒஸ்ஸுன்னு காத்த உள்ள இழுத்திச்சு. ரெண்டு டேங்க்லயும் அப்படித்தான். மூடி நடுவுல காத்துத் துளை இருக்குல்லா, அது அடைச்சுக் கெடக்கு. சந்தனம். சிமிண்டு மாதிரி புடிச்சிருக்கு, ஊசி வச்சுக் கிண்ட வேண்டியதாப் போச்சு." அப்புறம் எனக்குப் புரியட்டும் என்று என் பக்கம் திரும்பினார். "எண்ணெ டின்னுக்கு ரெண்டு ஓட்டை போடுவீங்கள்லா சார், அதே கததான். கொஞ்ச நேரம் பறந்தா தெரியாது. எறங்கிப் பெட்ரோல் ஊத்த மூடியத் தெறந்ததும் சரியாப்போயிரும். நேத்துதான் இவ்வளவு நேரம் பறந்தது."

யார் வைத்தது என்று தெரியவில்லை என்றார். செண்பகம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சர்க்கரை எடுத்து வர அடுப்படிக்குப் போனேன்.

எவனோ விவரம் கெட்டவன். அன்றைக்கு அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள், யார் வைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அக்டோபர் 6, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. எட்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கண்மாயில் இறங்கிய விமானத்தை வரைய வேண்டும் என்று அடம். சரி என்றேன். ஒரு பெண் இறக்கைகள் மேல் சிவப்பாகப் பொட்டு வைத்திருந்தாள். அது வேண்டாம், அழித்துவிடு என்றேன். ஆயுத பூஜைக்கு வைப்பாங்கல்லா சார் என்று கேட்டாள். அழித்துவிடு என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பசைச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தேன்.

அக்டோபர் 8, புதன்

சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி வந்திருக்கிறார். முடியும் வரை செண்பகம் பறக்கக் கூடாது. பறக்கும் முன் விமானத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டியது ஓட்டுகிறவர் பொறுப்பு. கவனக்குறைவு என்று முடிவானால் பயிற்றுநர் உரிமமே போகலாம். போனால் திரும்ப வாங்க எத்தனை வருஷமோ. அவளுக்கு நாற்பத்துநாலு வயது.

வீட்டில் இருக்கிறாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், நேற்று ஊற்றிய செடிக்கே. வானத்தில் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எந்தச் சத்தத்துக்கும் முதலில் நிமிர்ந்து, இன்ன விமானம் என்று சொல்கிறவள்.

மத்தியானம் சாப்பிடும்போது, "எங்கிட்ட எதும் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"மல்லித்தூள் தீந்துபோச்சு" என்றேன்.

என்னையே பார்த்தாள். அப்புறம் ரசம் கேட்டாள்.

சரி. எழுதிவிடுகிறேன், இது என் டைரிதானே. நான்தான். நான்தான் வைத்தேன், இரண்டு மூடிக்கும், மைதா கலந்து, கட்டை விரலால் அழுத்தி. எண்ணெய் டின்னுக்கு ஆணி வைத்து ஓட்டை போட்ட அதே கை. நான் வைத்த பொட்டு அவளை மூவாயிரம் அடியில் நிறுத்தியது. இதைச் சொன்னால் அவளுக்குக் கூடுதல் அவமானம், கேப்டன் புருஷனே அடைத்துவிட்டான் என்று ஊர் சிரிக்கும், அதனால்தான் சொல்லவில்லை என்று மூன்று நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். அவள் என்னைப் பழையபடி பார்க்கமாட்டாளோ என்று பயம். அவ்வளவுதான்.

அக்டோபர் 9, வியாழன்

செண்பகம் மார்க்கெட் போயிருந்தபோது ரிஸ்வானா வந்தாள். வீட்டிலிருந்து தொதல், அவர்கள் ஊர்த் தேங்காய்ப்பால் இனிப்பு, கொண்டுவந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நாளைக்குக் காலையில் அதிகாரியிடம் அவள் வாக்குமூலம். என்ன சொல்வது என்று தெரியவில்லை சார் என்று அழுதுவிட்டாள்.

"அன்னைக்குச் சுத்திப் பாத்தது நான்தான் சார். மூடியில பொட்டு இருந்துச்சு. தொடச்சிரட்டுமா மேம்னு கேட்டேன். மேம் வந்து அதச் சுத்தி வெரல வச்சுப் பாத்தாங்க. சிரிச்சாங்க. ‘இருக்கட்டும்மா, எங்க வீட்டுக்காரர் வச்சது’ன்னாங்க."

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லச் சொல்லித்தான் மேடம் கட்டளை போட்டிருக்கிறாளாம். சொன்னால் மேடத்தின் உரிமம் போகும், சொல்லாவிட்டால் நான் என்ன பைலட் என்று கேட்டாள். நான் அவளிடம் உண்மையைச் சொல் என்றேன். உனக்கு முன்னால் நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். தொதலை அடுப்படியில் வைத்துவிட்டு அவள் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

முதல் நாளிலிருந்தே செண்பகத்துக்குத் தெரியும். டீயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரியும். மல்லித்தூள் என்று நான் சொன்னபோதும் தெரியும்.

அக்டோபர் 10, வெள்ளி

அரை நாள் லீவு போட்டேன். அதிகாரி என் வயதுக்காரர், கண்ணாடிக்கு மேல் வழியாகப் பார்க்கிறவர். பசைச் சட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு மைதா என்று கேட்டார். ஒரு கரண்டி என்றேன். குழிக்கரண்டியா, சாதாவா என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு அவருக்கு என்ன தோன்றியதோ, செண்பகம் ஐந்தாம் தேதியே பயிற்சிப் பள்ளியில் எழுதிக் கொடுத்ததில் இரண்டு வரியை வாசித்துக் காட்டினார். பறக்கும் முன் மூடியில் சந்தனம் இருந்ததைப் பார்த்தேன், மாணவி துடைக்கக் கேட்டபோது நான்தான் வேண்டாம் என்றேன், தவறு என்னுடையது. வைத்தது யார் என்று சொல்லாமல், வைத்தவர் விமானி இல்லை, பார்த்தவள் நான் என்று எழுதியிருக்கிறாள்.

இக்னேஷியஸ் வீட்டுக்கு டீ குடிக்க வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தேன். வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் கையில் இருந்த சட்டியைப் பார்த்தாள். போய்ச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"ஆறு நாளு" என்றாள். "தெனமும் சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பொட்டு வச்சதுக்கு எனக்குக் கோவமே இல்ல. மல்லித்தூள்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான்."

நான் படியில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். நன்றாகக் கேட்டேன், பாதியில் விடாமல். அப்புறம் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். உனக்குத் தெரியாதா, துளை இருக்கிறது என்று? ஏன் துடைக்கவில்லை?

கீரையைக் கீழே வைத்தாள்.

"தெரியும். துளைய விட்டு வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். நெனச்சேன், பாக்கல. அது தப்பு, அத எழுதிக் குடுத்துட்டேன்." அப்புறம், "பதினாறு வருசமா அதுக்குப் பக்கத்துலயே வராத மனுசன். வந்து, தொட்டு, இவ்வளவு வட்டமா வச்சிருக்கீங்க. எனக்கு அதத் தொடைக்க மனசு வரல" என்றாள்.

இரண்டு பேரும் மீதிக் கீரையை ஆய்ந்தோம். அதில் பாதி மண்.

அக்டோபர் 16, வியாழன்

மழை பிடித்துவிட்டது. ஓடைக்கரைப்பட்டிக் கண்மாயில் முழங்கால் தண்ணீர் என்று ஆட்டுக்காரர் போன் செய்தார். சிட்டைப் போன வாரமே இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

முடிவு வந்தது. எழுத்து மூலம் கண்டிப்பு. ஒரு தேர்வாளரோடு பறந்து காட்டித் தேற வேண்டும், தேறினால் திரும்பச் சொல்லித்தரலாம். தேறாவிட்டால் உரிமம் இல்லை. இக்னேஷியஸ் எல்லா விமானத்திலும் துளை இருக்கிற இடங்களைச் சுற்றிச் சிவப்பு வளையம் வரைந்துவிட்டாராம். வளையம் கோணலாக இருக்கும், அவருக்கு வட்டம் வராது. நான் வரைந்து தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அதிரசம் உடைந்துவிட்டது. இருந்தும் எட்டு சாப்பிட்டாள். சனிக்கிழமை தேர்வு.

அக்டோபர் 25, சனி

மழை விட்டிருந்தது. "நீங்களும் வாங்க" என்றாள். போனேன்.

சிட்டு மாதிரியே இன்னொரு விமானம். பறக்கும் முன் அதைச் சுற்றிப் பார்க்கும்போது என் கையில் ஒரு ஈரத்துணியைக் கொடுத்துக் கூடவே வரச் சொன்னாள். தேர்வாளர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம், வால், இறக்கை நுனி. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, எதற்குப் பார்க்கிறேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். பெட்ரோல் மூடி வந்ததும் என் விரலைப் பிடித்து அந்தத் துளைமேல் வைத்தாள். எள் அளவு. இதற்குள்தான் அத்தனையும் இருந்திருக்கிறது. அடுத்த இறக்கைக்குப் போய் அதையும் தொடச் சொன்னாள்.

எல்லாம் முடிந்து அவள் ஏறப் போனாள். என் சட்டைப் பையில் சின்ன டப்பா இருந்தது. சந்தனம். மைதா இல்லாதது. வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. எடுக்கவும் முடியவில்லை, பைக்குள் கையை விட்டபடி நின்றேன். அவளுக்கு என் முகம் தெரியாதா?

இறக்கைமேல் வைத்த காலை எடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். குனிந்து நெற்றியைக் காட்டினாள்.

"வைக்கணும்னா இங்க வைங்க. இதுல அடைக்கிறதுக்கு ஓட்டை ஒண்ணும் இல்ல."

தேர்வாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வைத்தேன். இந்தத் தடவை வட்டம் கோணிவிட்டது. துடைத்து மறுபடி வைக்கிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்று ஏறிவிட்டாள்.

ஒரு மணி நேரம். நான் வானத்தைத்தான் பார்த்தேன், டாக்டர் என்ன சொன்னால் என்ன. நடுவில் இஞ்சின் சத்தம் தேய்ந்து அடங்கியது. என் உயிர் போய்விட்டது. தேர்வாளர் வேண்டுமென்றே குறைக்கச் சொல்லியிருப்பார், இஞ்சின் இல்லாமல் இறங்கிக் காட்டச் சொல்வதுதான் பரீட்சையே என்று பக்கத்தில் நின்ற இக்னேஷியஸ் சொன்னார். அது சத்தமில்லாமல் சறுக்கிக்கொண்டு வந்தது. தூக்காத, தூக்காத என்று என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சக்கரம் பட்டது. குதிக்கவில்லை.

வந்து நின்றது. தேர்வாளர் இறங்கி, இக்னேஷியஸிடம் தலையை ஆட்டிவிட்டு ஆபீஸ் பக்கம் போனார். செண்பகம் உள்ளேயே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

என் பையில் போன் அடித்தது. ஒரே ஒரு மணி. நான் நாற்பது அடி தள்ளி நின்று அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தாலும் அடித்தாள்.